ஊமத்தம் பூவும் வெறுங்கையும்

ஓய்வு பெறுகிறவன் என்றால் தலை நரைத்திருக்க வேண்டும், பேச்சுக்கு நடுவே இருமல் வர வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் இந்த மாதக் கடைசியோடு சிராங்கூன் சாலை மருந்துக் கடைக்கும் எனக்கும் உள்ள உறவு முடிகிறது. ஜோகூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை. காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கவும் காயம் கட்டவும் போகிறேன். கால் ஓரிடத்தில் தரிக்காதவன் என்று முதலாளி என்னைப் பற்றிச் சொல்வது பொய்யில்லை.

என் இடத்தில் நிற்கப்போகிற உங்கள் இருவருக்கும் அவர் அலமாரிச் சாவியைத் தருவார். எந்த டப்பாவில் திப்பிலி, எதில் அதிமதுரம் என்பதை மோந்து பார்த்தே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். இடிக்கவும் சலிக்கவும் கை தானாகப் பழகும். அதற்கெல்லாம் நான் தேவையில்லை. மேல்தட்டில், துணி சுற்றி மூடியை இறுக்கிய ஒரு ஜாடி இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அதில் இருப்பது உலர்ந்த ஊமத்தை இலை.

செடியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எருமைக் கொட்டகைகளுக்குப் பின்னால், குப்பைமேட்டில், காளவாய்ச் சாம்பல் கொட்டுகிற இடத்தில், யாரும் விதைக்காமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்து நிற்கும். பொழுது சாய்ந்தால் புனல் மாதிரி வெள்ளைப் பூ நிமிர்ந்து விரியும். காய் முழுக்க முள். இலையைக் கசக்கினால் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். மலாய்க்காரர்கள் இதைக் கெச்சுபோங் என்கிறார்கள். சீன வைத்தியர்கள் பூவை உலர்த்தி இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் இலையை வதக்கி வீக்கத்துக்குக் கட்டுவார்கள், எண்ணெயில் காய்ச்சி ஆறாத புண்ணுக்குத் தடவுவார்கள், இழுப்பு வந்தால் உலர்ந்த இலையைப் புகைத்து மூச்சைத் திரும்ப வாங்குவார்கள். பேச்சில் ஒத்துப்போகாத மூன்று கூட்டமும் இந்த ஒரு செடியிடம் ஒத்துப்போகிறதே என்று எனக்கு ஒரே புல்லரிப்பு. பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்லவா! கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். "பொட்டலத்தைக் கட்டு, வாயைக் கட்டு" என்பார் முதலாளி.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். பின்னால் வரப்போவதற்கு அது வேண்டும்.

எதிர்வரிசைத் தையற்காரர் முழங்கால் வீக்கத்துக்கு ஊமத்தை இலையை அரைத்துப் பற்றுப் போட்டார். போட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கடைக்கு ஓடி வந்தார். "தம்பி, ஊசிக் காதுல நூல் போகல. ஒரு கண்ணை மூடினா போகுது, இன்னொரு கண்ணை மூடினா ஊசியே காணல!" பார்த்தேன். ஒரு கண்ணில் பாவை மிளகு போல இருந்தது. மற்றதில் கருவிழியையே விழுங்கி அகன்று கிடந்தது. சில நாளில் தானாகச் சரியாயிற்று. அதுவரை வருகிறவர் போகிறவரையெல்லாம் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்லி இம்சை பண்ணினார். விரலில் ஒட்டிய சாறு செய்த வேலை அது. அந்த அகன்ற கண் என் நினைவில் அப்படியே தங்கிவிட்டது.

இனி அஞ்சலை அக்கா.

சுண்ணாம்புக் கம்பம் என்று நாம் சொல்கிற குடியிருப்பில், படகில் வரும் பவளக் கல்லையும் கிளிஞ்சலையும் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற ஒரு காளவாயில் அவள் புருஷன் சின்னையனுக்கு வேலை. நெருப்புப் போடுவதும் சுட்டதை அள்ளுவதும். அவளும் அங்கேயே சுண்ணாம்பு சலிப்பாள். அந்தத் தூசியில் அவருக்கு நெஞ்சு கெட்டுப் பொழுது சாய்ந்தால் இழுப்பு. அஞ்சலை அக்கா சனிக்கிழமை தோறும் எங்கள் கடைக்கு வந்து இலைப் பொட்டலம் வாங்கிப் போவாள். முதல் தடவை வந்தபோது சொன்னாள்:

"படுத்தா மூச்சு நின்னுடும்னு பயம் தம்பி அவருக்கு. உக்காந்தே தூங்குறாரு. நானும் முதுகுக்கு முதுகு சாஞ்சு உக்காந்துக்குவேன். அப்பத்தான் விழாம தூங்குவாரு."

"அப்ப நீங்க எப்பக்கா தூங்குவீங்க?"

"அவரு மூச்சு சத்தம் ஒரு மாதிரி சீரா வரும் பாருங்க, அப்ப."

நான் வழக்கமான எச்சரிக்கைகளைச் சொன்னேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஓட்டுச் சில்லில் தணல் வைத்துக் கொஞ்சம் இலை தூவி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புகையை இழுக்க வேண்டும். இழுப்பு தணிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நாக்கு வறண்டாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே நிறுத்த வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் கூடாது. நீர் சரியாகப் பிரியாத பெரியவர்களுக்கும் கண்நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. புகையும் முழுக்கச் சாது இல்லை. ஆனால் போதும் என்று தோன்றினால் தள்ளி வைத்துவிடலாம். வயிற்றுக்குள் போனதைத் தள்ளி வைக்க முடியாது. அதனால் இலை, பூ, விதை எதையும் வாயில் வைக்கக் கூடாது. விதை எல்லாவற்றிலும் கொடியது.

அஞ்சலை அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சொன்னபடியே செய்தும் வந்தாள். சின்னையனுக்கு ஓரளவு குணம் தெரிந்தது. எரிகிற இலையின் வாசத்தை வைத்து அது என்ன செடி என்பதையும் அவளே கண்டுகொண்டாள். கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பாள்? திங்கட்கிழமை தோறும் அவள் கையால் பறிக்கிற செடி அது.

காளவாய்க்குப் பக்கத்தில் அரசமரத்தடியில் ஒரு லிங்கக் கல் உண்டு. கூரை கிடையாது, பூசாரியும் கிடையாது. காளவாய் ஆட்களே திங்கட்கிழமை சாயங்காலம் தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பார்கள். என்ன பூ? பக்கத்தில் மண்டிக் கிடக்கிற ஊமத்தம் பூதான். சிவனுக்கு அது உகந்தது என்பது ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்த வழக்கம்.

ஒரு சனிக்கிழமை அஞ்சலை அக்கா வரவில்லை. இலை தீர்ந்திருக்குமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஒரு பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுண்ணாம்புக் கம்பத்துக்கு நடந்தேன்.

தூரத்திலேயே சாம்பிராணி வாசம். அரசமரத்தடியில் கூட்டம். நடுவே சின்னையன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, முகம் ரத்தச் சிவப்பு. காற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பார், முணுமுணுப்பார், மறுபடியும் நூல் பிடுங்குவார்.

ஒரு பெண் கைகூப்பிக் கேட்டாள். "சாமி, என் மவளுக்குக் கல்யாணம் எப்ப கூடும்?"

"கயித்த இழு... கயித்த இழு... செவலை ஓடுது பாரு" என்றார் சின்னையன்.

"கயிறு! தாலிக்கயித்தச் சொல்றாரு!" என்றது ஒரு குரல்.

"மாப்பிள்ளை செவப்பா இருப்பானாம்லா" என்றது இன்னொன்று.

"ஓடுறான்னுல்ல சொல்றாரு, அதை விட்டுட்டியே" என்றது மூன்றாவது. கொஞ்சம் சிரிப்பு. காளவாய்க் கங்காணி திரும்பி முறைத்ததும் அடங்கியது.

என்னைப் பார்த்ததும் அஞ்சலை அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தை நான் எப்படி எழுதுவேன்! இருள் சூழ்ந்த வீட்டில் யாரோ விளக்கேற்றி வைத்தது போல இருந்தது.

"தம்பி, மூச்சைக் கேளுங்க. இழுப்பு சத்தமே இல்ல! இந்த நேரத்துக்கு விசில் ஊதுற மாதிரி ஊதுமே, ஒண்ணுமே இல்ல. சாமி இறங்கி வந்து நெஞ்சைத் தொறந்து விட்டுடுச்சு."

கேட்டேன். உண்மைதான். மூச்சில் இழுப்பு இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

நான் முஸ்லிம். ஆனால் சாமி வந்தவர்களைப் பார்க்காதவன் இல்லை. தீமிதியிலும் காவடியிலும் அருள் வந்து ஆடுகிறவர்களின் உடம்பில் வேர்வை ஆறாக ஓடும். நெற்றி விபூதி கரைந்து மூக்கில் வழியும். சின்னையன் நெற்றியில் விபூதி பூசியபடியே மாவாக நின்றது. குனிந்து கையைத் தொட்டேன். காளவாயிலிருந்து அப்போதுதான் எடுத்த ஓடு மாதிரி சுட்டது, காய்ந்து கிடந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். தையற்காரருக்கு ஒரு கண்ணில் இருந்தது இவருக்கு இரண்டிலும் இருந்தது.

"தொடாதே தம்பி! சாமி" என்றார் கங்காணி.

அந்த இடத்தில் "இது சாமி இல்லை, விஷம்" என்று கத்த என் வாய் எவ்வளவு துடித்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்ததும் பெஞ்சின் மேல் ஏறிக் கையை உயர்த்துகிற பிள்ளை நான். ஆனால் விஷம் என்றால் அடுத்த கேள்வி "யார் கொடுத்தது?" என்பதுதான். அதற்குப் பதில் என் பக்கத்தில் முகமெல்லாம் வெளிச்சமாக நின்றுகொண்டிருந்தது. புருஷனுக்கு ஊமத்தை கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை எழும்பினால் அந்தக் கூட்டம் என்ன செய்யும், போலீஸ் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

அவளை மரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனேன். "அவருக்கு என்ன கொடுத்தீங்க?" என்று நான் கேட்கவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். அப்படிக் கேட்டால் யாரும் "ஒண்ணும் கொடுக்கலையே" என்றுதான் சொல்வார்கள். பயம் முந்திக்கொள்ளும்.

"அக்கா, நல்ல குணம் தெரியுதே. அவருக்காக இன்னிக்கு என்னவெல்லாம் செஞ்சீங்க?"

ஆசையாகச் சொன்னாள். இலை தீர்ந்துபோயிற்று. அவளுக்கும் காய்ச்சல், கடைக்கு வர முடியவில்லை. இரண்டு நாளாக அவர் மூச்சுக்குத் தவித்தார். இன்று மத்தியானமே பூசைக்கு இடம் கூட்ட வந்தவள், லிங்கத்தின் மேலிருந்த பூவைப் பார்த்தாள். "வெறும் இலையோட புகையே இவ்வளவு கேக்குதே, சாமி தலையில இருந்த பூ எவ்வளவு கேக்கும்னு தோணுச்சு தம்பி. எடுத்துட்டுப் போயி வேகவெச்சு வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு டம்ளர். முகத்தைக் கூடச் சுளிக்காம குடிச்சாரு."

"மிச்சம் இருக்காக்கா?"

"செம்புல இருக்கு. சாமி பூவுல காய்ச்சுனதுன்னு சொன்னதும் கங்காணி ஐயா வாங்கி வெச்சிருக்காரு. சாமி குடிச்ச தீர்த்தம், எல்லாருக்கும் கொடுக்கணும்னாரு."

திரும்பினேன். கங்காணி செம்பைக் கையில் எடுத்திருந்தார். எதிரே உள்ளங்கைகளைக் குழித்துக்கொண்டு ஒரு வரிசை. முதலில் நின்றவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவள் வலது கையை நீட்டி, "பிள்ளைக்கும் ஒரு சொட்டு ஊத்துங்க ஐயா, சளி விட மாட்டேங்குது" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்? செம்பைத் தட்டிவிடுவீர்களா? நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு முஸ்லிம் பையன் சிவன் தீர்த்தத்தைத் தட்டிவிட்டான் என்றால் அதற்குப் பிறகு அங்கே யார் நான் சொல்வதைக் கேட்பார்கள்? சின்னையனை யார் வண்டியில் ஏற்ற விடுவார்கள்?

எங்கள் ஊரில் சிவன் கோயில் வாசலில்தான் எங்கள் வாப்பாவின் கடை. பன்னீர், சந்தனம், சாம்பிராணி. என்னோடு படித்த பையன்கள் கோயிலுக்குப் போனால் உள்ளே நடப்பதையெல்லாம் வந்து எனக்கு நடித்துக் காட்டுவார்கள். அதில் ஒன்று சட்டென்று ஞாபகம் வந்தது. அல்லாஹ்தான் கொண்டுவந்து கொடுத்தான் என்பேன்.

"கங்காணி ஐயா, ஒரு சந்தேகம்" என்றேன். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவா தம்பி சந்தேகம்? நில்லு லா."

"சின்ன சந்தேகம்தான். எங்க ஊர்ல சிவன் கோயில்ல பிரகாரம் சுத்தி வர்றவங்க ஒரு சந்நிதி முன்னாடி நின்னு, கையைத் தட்டி, ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுக் காட்டிட்டு வருவாங்களாம். அது எதுக்கு ஐயா?"

"அது சண்டிகேசுவரர் சந்நிதி." கங்காணிக்கு விஷயம் தெரிந்த சந்தோஷம். "சிவன் சொத்து எதையும் நான் எடுத்துட்டுப் போகல, பாருங்க, வெறுங்கைன்னு காட்டுறது. சிவன் மேல சாத்துன பூ கூட அவருக்குத்தான் சேரணும். எடுத்தா..."

அவர் வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த செம்பைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"எடுத்தா, ஐயா?" என்றேன் மெதுவாக.

"குலநாசம்" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

குழந்தைக்காரி கையை உதறிப் பின்னால் போனாள். வரிசை கலைந்தது. கங்காணி செம்பைக் கீழே வைத்து, வைத்த கையை வேட்டியில் துடைத்து, லிங்கத்தின் பக்கம் திரும்பிக் கையைத் தட்டி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தட்டினார்கள். மரத்திலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன.

நான் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன், அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லாமல், அவரே நிறுத்திக்கொள்ளும்படி ஒரு வழி விடுங்கள். கூட்டத்தில் யாரும் தோற்றுப்போய்ப் பின்வாங்க மாட்டார்கள். மரியாதையோடு என்றால் பின்வாங்குவார்கள்.

"இன்னொன்னு ஐயா. அருள் வந்தா வேர்க்குமே. இவரைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

தொட்டார். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எத்தனை காவடிக்கு முன்னால் நடந்தவர் அவர்! அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "டேய், சுண்ணாம்பு வண்டியைப் பூட்டுங்கடா! ஆஸ்பத்திரிக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடுகளே எழுந்து நின்றன. செம்பை ஒரு துண்டில் கட்டி நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் என் கேள்விக்கு இன்னொரு முனையும் இருந்தது. அது மரத்தடியில் நின்றவள்மேல் குத்தியிருந்தது. வண்டியில் புருஷன் தலையை மடியில் வைத்து, ஈரத்துணியால் மாரைத் துடைத்துக்கொண்டே அஞ்சலை அக்கா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். சின்னையன் அவள் முந்தானையிலிருந்து இல்லாத நூலை உருவிக்கொண்டிருந்தார். கிட்டத்தில் குனிந்து கேட்டேன்.

"சிவன் சொத்தை எடுத்துட்டேனே. சிவன் சொத்தை எடுத்துட்டேனே."

ஆஸ்பத்திரியில் இரண்டாவது முடிவை எடுக்க வேண்டியிருந்தது. முதலாவதை விட அது சுலபம். கூட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொன்னால் போதும். வைத்தியரிடம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். செம்பை மேசை மேல் வைத்து என்ன பூ, எப்படிக் காய்ச்சியது, எவ்வளவு குடித்தது என்று நான் ஆரம்பிக்கிறேன், வெள்ளைக்கார டாக்டர் "யார் கொடுத்தது?" என்கிறார். நான் வாய் திறப்பதற்குள் அஞ்சலை அக்கா முன்னால் வந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "நான்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த ஈரத்துணியைப் பார்த்தார். குழாயைக் கொண்டுவரச் சொன்னார். வயிற்றைக் கழுவினார்கள், நீர் பிரிய வழி செய்தார்கள், திரை போட்டு வெளிச்சத்தைக் குறைத்தார்கள்.

அங்கிருந்த டிரஸ்ஸர் தமிழர். என்னை ஓரமாக இழுத்தார். "ஊமத்தை கேஸ் நாங்க பார்த்திருக்கோம்பா. சோத்துல கலந்து கொடுத்துட்டு மூட்டையைத் தூக்கிட்டு ஓடுற திருடனுங்க. கொடுத்தவன் ஒருத்தனும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்ததில்ல. இந்தம்மா என்னடான்னா வார்டை விட்டுப் போன்னாலும் போக மாட்டேங்குது. டாக்டருக்குப் புரிஞ்சிருச்சு, நீ பயப்படாத."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவள் என்னிடம் கேட்டாள்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. சாமி குத்தம்தானே?"

"இல்லக்கா. அந்தப் பூவுக்குள்ளயே அது இருக்கு. குப்பைமேட்டுல பறிச்சாலும் இதேதான், சாமி தலையில இருந்து எடுத்தாலும் இதேதான். சாமிக்கு உங்க மேல என்ன கோவம்?"

ஆறுதல் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் ஈரத்துணியை மடித்து மடியில் வைத்தாள். பிறகு, "அப்ப சாமி இல்ல. நான்தான் அவருக்கு விஷம் வெச்சேன்" என்றாள்.

ஒரு கதவை நான் சாத்தினால் அவள் மற்றதில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறாள். தோன்றியதைச் சொன்னேன்.

"மருந்துதான் கொடுத்தீங்க. அவர் நெஞ்சு தொறந்தது பொய்யா? நீங்களே கேட்டீங்களே. ஆனா அதோட அளவு தாண்டிருச்சு."

"அளவு எனக்குத் தெரியலையே."

"எனக்கும் தெரியாதுக்கா. ஒரே செடியில இந்தப் பூவுல கொஞ்சம் இருக்கும், அடுத்த பூவுல நிறைய இருக்கும். கண்ணால பார்த்துச் சொல்ல யாராலயும் முடியாது. தெரியாததனாலதான் புகையோட நிறுத்திக்குறோம்."

அவள் தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாளா என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் சின்னையன் நூல் பிடுங்குவதை நிறுத்தினார். நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு மறுபடியும் போயிருந்தேன். கட்டிலோரத்தில் அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணைத் திறந்தார். பாவை இன்னும் அகன்றேதான் இருந்தது. கிட்டத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது.

"யாரு? முகம் கலங்கலா இருக்கு" என்றார். கையை நீட்டித் துழாவி அவள் விரல்களைப் பிடித்தார். சுண்ணாம்பு அரித்த அந்த விரல்களை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "ஓ, நீதானா. தண்ணி குடு. நாக்கு காஞ்சு கெடக்கு."

தண்ணீர்ச் சொம்பு பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் கொடுக்கலாம் என்று டிரஸ்ஸரும் சொல்லியிருந்தார். ஆனால் அஞ்சலை அக்கா கையை இழுத்துக்கொண்டாள். சுவரோடு ஒட்டி நின்று, "தம்பி, நீங்க கொடுங்க. என் கையால வேணாம்" என்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நான் சொம்பை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்றேன். நான் கொடுத்துவிட்டால் அந்தக் கை இனி எப்போதுமே முந்தானைக்குள் இருந்துவிடும் என்று தோன்றிற்று. சொம்பைத் திரும்ப வைத்துவிட்டேன்.

"அஞ்சலை" என்றார் சின்னையன்.

"உங்களுக்கு நான் என்ன கொடுத்தேன்னு தெரியுமா?" என்று அவள் அழுதாள்.

"தெரியும். ஒரே கசப்பு. துப்பிடலாம்னு பார்த்தேன். நீ என் நெஞ்சையே பார்த்துக்கிட்டு நிக்கிறே. எப்படித் துப்புறது?" மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் கையால குடு. இதாச்சும் கசக்காம இருக்கான்னு பார்ப்போம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொம்பை எடுத்தாள். அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, சிறிது சிறிதாக, அவர் தொண்டை அசைவதைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் போகிற ரிக்‌ஷாக்களை மும்முரமாகப் பார்த்தேன்.

பின்னால் கங்காணியே யோசித்து அவரைச் சூளையிலிருந்து மாற்றிப் படகிலிருந்து கல் இறக்குகிற இடத்துக்கு அனுப்பினார். அங்கே கடல் காற்று. இழுப்பு முன் போல இல்லை. எப்போதாவது வந்தால் இலைப் பொட்டலம் வாங்கிப் போகிறார்கள். அந்த ஜாடியிலிருந்து நீங்கள் அள்ளிக் கொடுக்கும்போது எச்சரிக்கையை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இலை தீர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். உடம்புக்கு முடியாமல் கடைக்கு வர முடியாவிட்டால் யாரிடம் சொல்லி அனுப்புவார்கள் என்று கேளுங்கள். வழக்கமாக வருகிறவர் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். கால் தரிக்காதவன் என்று முதலாளி ஏசினால் ஏசட்டும்.

நேற்று திங்கட்கிழமை. விடைபெற்றுக்கொள்ளச் சுண்ணாம்புக் கம்பத்துக்குப் போனேன். அரசமரத்தடியில் இருவரும் நின்றிருந்தார்கள். அவர் தண்ணீர் ஊற்றினார், அவள் ஊமத்தம் பூவை லிங்கத்தின் மேல் வைத்தாள். எனக்குத் திக்கென்றது, பழக்கதோஷம். அவள் கையைத் தட்டி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். திரும்பினால் நான் நிற்கிறேன்.

"பாருங்க தம்பி" என்று சிரித்தபடி அதே கைகளை என் பக்கமும் விரித்துக் காட்டினாள். வெறுங்கை.

"தூக்கமெல்லாம் எப்படிக்கா?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் சின்னையன் முந்திக்கொண்டார். "படுத்துத்தான் தூங்குறோம் தம்பி. ஆனா இவ இன்னும் முதுகோட முதுகு ஒட்டித்தான் படுக்குறா. சாய்ஞ்சு பழகிப்போச்சாம்."